வேர்வாங்கி விற்கப் போன தூதன் சம்பந்திக்கு விடுத்த ஓலை

காலம் தவறாது மழை பெய்க. பெய்த மழை ஏரியில் நிற்க. நின்ற நீரைப் பங்கிடுவதில் வழக்கு எழாதிருக்க. குறும்பொறை நாடு நெடிது வாழ்க. அந்நாட்டைக் குடைநிழலில் காக்கும் எயினவேள் மன்னர் திருமேனி நோயின்றி விளங்குக; அவர் யானைகள் மதம் கொள்ளாதிருக்க; அவர் அவையில் எவரும் நெடுநேரம் பேசாதிருக்க.

குறும்பொறை நாட்டுத் தலைமை அமைச்சரும், நாற்படைக்கும் நெற்களஞ்சியத்துக்கும் கணக்குக் கேட்பவரும், தாம் சொன்ன சொல்லைத் தாம் மாற்றாதவரும், பிறர் மாற்றச் சொன்னாலும் மாற்றாதவருமாகிய மருதவெளிப் பூதி நக்கனார் அவர்கள் திருமுன்புக்கு, கடல் கடந்து நெடுங்கழித் தீவிலே நெடுநாளாய் இருத்தப்பட்டிருக்கும் கடற்றூதன் காரி சாத்தன் தெண்டனிட்டு விடுக்கும் ஓலை. தாங்களும் தங்கள் மனையோரும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். நான் நலம் என்று எழுதுவது ஓலை வழக்கம் என்பதால் நானும் நலம். உடன் வந்த ஓலை எழுத்தர் இவ்வூர்ப் பெண்ணொருத்தியை மணந்துகொண்டு மாமனார் தோப்பில் இளநீர் இறக்கப் போய்விட்டார். ஆகவே இது என் கையெழுத்து. எழுத்தாணி பிடித்துப் பழகாத கை. வரி கோணினால் பொறுத்தருள்க.

இவ்வோலை அவையில் படிக்கப்படும்போது புதிதாய் வந்த அவையோரும் இருப்பர் என்பதால், தாங்கள் நன்கறிந்த செய்தியையும் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியவனாயிருக்கிறேன். மருதவெளி அமைச்சர் வீதியில் தங்கள் மாளிகைக்கும் என் மாளிகைக்கும் நடுவே ஒரே மதில். அம்மதிலில் ஒரு பக்கவாசல். அவ்வாசலை ஒட்டி ஓர் இலுப்பை மரம். மரம் நின்றவரை அதன் பூவுக்கும் கொட்டைக்கும் இரு வீட்டாரும் கூடை எடுத்து வந்தோம். மரம் எம்முடையது என்று தாங்கள் சொன்னீர்கள். எம்முடையது என்று நானும் சொன்னேன். சண்டையில்லாமல் இருவரும் எண்ணெய் ஆட்டினோம். என் ஒரே மகள் உலகம்மை தங்கள் மகனுக்கு வாழ்க்கைப்பட்டபோது அந்தப் பக்கவாசல் வழியாகத்தான் குத்துவிளக்கை ஏந்திக்கொண்டு தங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். அதன் பிறகு இரு அடுக்களைக்கும் இடையே குழம்பும் பொரியலும் அவ்வாசல் வழியே போய்வந்தன.

பின்னொரு கார்காலத்துப் புயலில் மரம் விழுந்தது. கிளையையும் தண்டையும் அரண்மனை விறகுக்கு இழுத்துப் போனார்கள். அடிக்கட்டை மட்டும் அங்கேயே நின்றது, அதன் வேர் வாசற்படியைத் தூக்கிற்று, மதில் பிளந்தது, கதவு திறக்கவில்லை. கட்டையைப் பறிப்பவர் எவரோ அவருடையதே மரம், மரத்துக்கு உடையவரே மதிலையும் கட்டித்தர வேண்டும் என்று ஊரார் ஒரு நியாயம் சொன்னார்கள். அன்று முதல் மரம் உம்முடையது என்று தாங்களும், இல்லை, உம்முடையது என்று நானும் சொல்லத் தொடங்கினோம். அவ்வழக்கை அரசவைவரை கொண்டு போனோம். யானை பிடிக்கும் செய்தியையும் எல்லைக் காவலையும் ஒதுக்கிவைத்துவிட்டு மன்னர் நம் இலுப்பைக் கட்டையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், ஏனாதிப் பட்டம் பெற்ற அரண்மனைக் கொல்லரை அழைத்து, அந்தப் பாழாய்ப்போன கட்டையைப் பிடுங்க ஒரு கருவி செய்க என்று பணித்தார். வேர்வாங்கி என்று இன்று கப்பலேறி வந்திருக்கும் கருவி பிறந்த கதை இதுவே.

கருவியின் அமைப்பை இத்தீவில் வாய் வலிக்கச் சொல்லிவிட்டேன். இன்னொரு முறை சொல்வதால் ஒன்றும் குறையாது. நான்கு கால் கொண்ட சட்டம். சட்டத்தின் மேல் படுக்கையாய் ஓர் இரும்பு உருளை. உருளையில் சுற்றும் சங்கிலி. சங்கிலியின் முனையில் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் கொக்கிகள். உருளையின் இரு முனையிலும் இரண்டு கைப்பிடிகள். இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்று அவற்றைச் சுற்ற வேண்டும். ஒருவர் கையைத் தளர்த்தினால் பாரம் முழுதும் மற்றவர் தோளில் ஏறும். இருவரும் தளர்ந்தாலும் உருளை பின்னோக்கி ஓடாதபடி ஒரு தடைப்பல் இருக்கிறது. ஒற்றை ஆளால் அதை அசைக்கவும் இயலாது. மண்வெட்டியும் கோடரியும் கொண்டு ஓர் ஊரே நாள் முழுதும் போராடும் கட்டையை, மனமொத்த இருவர் சமையல் முடிவதற்குள் வெளியே எடுத்துவிடலாம்.

கருவி முடிந்த அன்று, கட்டை யாருடையதென்று தீராமல் அரசாங்கக் கருவி அதைத் தொடலாகாது என்று தாங்கள் அவையில் எழுந்து சொன்னீர்கள். தங்கள் சொல்லோடு என்றுமே ஒத்துப்போகாத நான் அன்று ஒத்துப்போனேன். இதனால் அக்கட்டைக்கென்று பிறந்த கருவி அரசர் பருத்திக்காட்டில் உள்ள பலாசுக் கட்டைகளையெல்லாம் பறித்தது. நம் பக்கவாசல் கட்டையை மட்டும் விட்டுவிட்டது. மன்னர் மகிழ்ந்து, ஒரு கப்பல் நிறையச் செய்து கடல் கடந்து விற்று வருக என்றார். கொண்டு செல்வது யார் என்ற கேள்வி எழுந்தபோது, அடிக்கட்டையின் அருமையைக் காரி சாத்தனைவிட அறிந்தவர் நாட்டில் இல்லை என்று தாங்கள் சொன்னீர்கள். அவை சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? விற்று முடித்தோ, அல்லது தலைமை அமைச்சரின் அழைப்பு முத்திரை வந்தோ அன்றி நான் கரை திரும்பலாகாது என்பது அரசாணை. ஆக, நான் வீடு திரும்பும் சாவி தங்கள் இடுப்பில் தொங்குகிறது.

இனி இத்தீவின் செய்தி. நெடுங்கழித் தீவை ஆள்பவர் ஆழிமாதேவியார் என்னும் அரசியார். குடிமக்கள் உப்பு விளைப்போரும் மீன் பிடிப்போரும் தென்னை வளர்ப்போருமாவர். அவர்கள் பேச்சு நம் பேச்சுக்கு ஒன்றுவிட்ட தம்பி. முதல் மாதம் புரியாது, பிறகு புரிந்துகொண்டே போகும், பிறகு ஏன் புரிந்தது என்று தோன்றும். மரக்கலம் துறையில் நுழைந்தபோதே என் கண்ணில் பட்டவை அடிக்கட்டைகள்தாம். வயலில் கட்டை, வழியில் கட்டை, கோயில் வாசலில் கட்டை, வண்டித்தடம் கட்டையைச் சுற்றி வளைந்து போகிறது, ஏர் கட்டையைச் சுற்றி வளைந்து போகிறது. கருவியில்லாமல் இவ்வூரார் படும் பாடு என்னே என்று நெஞ்சு இளகி, ஒரே மாதத்தில் கப்பலைக் காலி செய்துவிட்டு அடுத்த காற்றுக்குத் திரும்பிவிடலாம் என்று உலகம்மையின் தாய்க்குச் சொல்லியனுப்பினேன். அந்தச் செய்தி போய்ச் சேராதிருந்தால் நலமாயிருந்திருக்கும்.

சரக்கு இறக்கிய மறுநாளே துறையருகே மக்களைக் கூட்டினேன். பெருங்கருவி எதையும் முதன்முதலாகக் காட்டும்போது இருப்பதிலேயே முரட்டுக் கட்டையைத் தேர்ந்தெடுப்பது நம் நாட்டு வழக்கமன்றோ? நானும் அப்படியே துறைவழியின் நடுவே நின்ற ஒரு பழைய புன்னைக் கட்டையைத் தேர்ந்தெடுத்தேன். நம் மாலுமிகள் இருவர் கைப்பிடியைப் பற்றினர். வெற்றிலை மெல்லும் நேரத்தில் கட்டை வேரோடு வெளியே வந்து விழுந்தது. கைதட்டல் வரும் என்று நின்றேன். கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற நெய்தலி என்னும் பெண்ணொருத்தி தலையில் அடித்துக்கொண்டு, ஐயோ, இனி எதை வைத்து அவர்களைச் சேர்ப்பேன் என்று அழத் தொடங்கினாள்.

அதன் பிறகுதான் எனக்கு விவரம் சொன்னார்கள். இத்தீவில் கட்டைகள் பறிக்க இயலாமல் விடப்பட்டவை அல்ல. வேண்டுமென்றே பேணி வைக்கப்பட்டவை. உறவுக்குள் பகை வந்து எவ்விதத்திலும் தீராதபோது, ஊரார் ஒரு கட்டையைத் தேர்ந்து, வடம் கட்டி, பகைத்த இருவரையும் வடத்தில் அடுத்தடுத்து நிறுத்தி, ஊரே கூடி இழுப்பார்கள். கட்டை பெயர்ந்ததும் அந்தப் பகையைக் குழியில் இட்டதாகச் சொல்லி, இருவரும் தம் கையால் மண் தள்ளி மூட வேண்டும். மூடிய பகையை மறுபடி வாயால் எடுப்பவனுக்கு ஊரில் நெருப்பும் நீரும் கிடையா. ஆதலால் மரம் விழுந்தால் மகிழ்கிறார்கள். இந்த வீட்டுக்கு இந்தக் கட்டை என்று மனத்துக்குள் குறித்து வைக்கிறார்கள். நான் பறித்த புன்னைக் கட்டை, நெய்தலியின் அண்ணன் கடலனுக்கும் தம்பி கோடனுக்குமென ஒதுக்கி வைத்திருந்தது. தாயார் விட்டுச்சென்ற படகை யார் ஓட்டுவது என்று இருவருக்கும் பகை. ஒருவர் தொட்டால் மற்றவர் வெட்டுவேன் என்றதால் படகு கரையிலேயே இற்றுக்கொண்டிருந்தது. இருவரும் வடம் பிடிக்க அரைமனத்தோடு இசைந்திருந்த நேரத்தில் நான் போய் இறங்கியிருக்கிறேன்.

பகை இல்லாமல் திறந்த குழியை இத்தீவில் எவரும் மூடமாட்டார்கள். அந்தக் குழி இன்றும் துறைவழி நடுவே வாய் திறந்து கிடக்கிறது. மழை பெய்தால் தவளை. வெயில் அடித்தால் தேங்காய் மட்டை. அதற்குத் தூதன் குழி என்று பெயர். வழி கேட்பவரிடம், தூதன் குழியைச் சுற்றிக்கொண்டு வடக்கே போ என்கிறார்கள். நாள்தோறும் நானும் அதைச் சுற்றிக்கொண்டுதான் சந்தைக்குப் போகிறேன். ஒருமுறை மாலுமிகள் இருவரைப் பொய்யாய்ச் சண்டையிடச் சொல்லி, அந்தப் பகையை அதில் இட்டு மூட முயன்றேன். அவர்கள் சண்டையைப் பார்த்து ஊரே சிரித்தது. இவ்வளவு அன்பான பகையை எங்கள் மண் செரிக்காது என்று ஒரு கிழவர் சொல்லிவிட்டு மட்டையைத் தூக்கிக் குழிக்குள் போட்டார்.

அதிலிருந்து என் நாட்கள் கழிந்த விதத்தை எழுதினால் ஓலை போதாது. கருவிகள் பண்டசாலையில் உப்புக்காற்றில் துருவேறுகின்றன. மாதந்தோறும் தேங்காயெண்ணெய் தடவுகிறோம். தடவி முடிப்பதற்குள் முதலில் தடவியது துருவேறிவிடுகிறது. இத்தீவின் சோறு பல்லோடு ஒட்டும். கடைவாய்ப் பல் இரண்டு போயின. கப்பலில் வந்தவர்களில் இங்கே மணம் செய்யாதவர் நானும் சமையற்காரரும் மட்டுமே. எனக்கு வீட்டில் மனைவி இருக்கிறாள். அவருக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அரசியாரைக் காண வேண்டி அரண்மனைக்குப் போகும்போதெல்லாம், குழி மூடிவிட்டதா என்று வாயிற்காவலர் கேட்பார், இல்லை என்பேன், அப்படியானால் பிறகு வாரும் என்பார். காற்று மாறி, மறுபடி மாறி, எத்தனை முறை மாறிற்று என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். சலித்துவிட்டது, ஐயா. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்நிலையில் நெய்தலி ஒருநாள் பண்டசாலைக்கு வந்தாள். தன் கட்டையை வீணாக்கியவன் வேறொரு கட்டையைத் தன் அண்ணன் தம்பிக்குப் பறித்துத் தருவதே முறை என்றாள். வடம் இழுக்க ஊரைக் கூட்ட இனி அவளிடம் அரிசியில்லை. கருவிக்கு இருவர் போதுமென்றால் அந்த இருவரே அவர்களாயிருக்கட்டும் என்றாள். கடலனும் கோடனும் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்கள். கைப்பிடியைப் பற்றினார்கள். சுற்றத் தொடங்கியதும் கோடன் தளர்த்தினான். பாரம் கடலன் தோளில் ஏறிற்று. ஆண்டுக்கணக்காய்த் தம்பியோடு பேசாத கடலன், ஏண்டா தடியா, சோறு தின்னவில்லையா, ஒழுங்காகச் சுற்று என்று கத்தினான். தம்பி, நீ மட்டும் ஒழுங்காகச் சுற்றிக் கிழித்தாயோ என்று திருப்பிக் கத்தினான். அப்படி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே சுற்றினார்கள். திட்டுக்குள்ளேயே படகும் வந்தது, தாயாரும் வந்தாள், அவள் வைத்த மீன்குழம்பும் வந்தது. கட்டை பெயர்ந்தபோது இருவரும் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்கள். அந்தப் படகு இப்போது கடலில் இருக்கிறது.

செய்தி அரண்மனைக்குப் போயிற்று. அன்றே எனக்கு அழைப்பு வந்தது. ஆழிமாதேவியார் அகவை முதிர்ந்தவர்; வெற்றிலை இடிப்பதை ஒரு கணமும் நிறுத்தாதவர். அவர், ஊரே இழுக்கும் வடத்தில் பகைவர் இருவரும் இழுப்பதுபோல் நடித்துவிட்டு ஊரார் தோளில் ஒளிந்துகொள்கிறார்கள் என்பதைத் தாம் நெடுங்காலமாய் அறிந்திருப்பதாகவும், இக்கருவியில் ஒளிய இடமில்லை என்பதைக் கண்டுகொண்டதாகவும், ஊருக்கொன்று வீதம் கப்பலில் உள்ளவை அனைத்தையும் தாமே கொள்ளச் சித்தமாயிருப்பதாகவும் கூறினார். எனக்கு அப்போதே கப்பலில் பாய் கட்டிவிட்டதுபோல் இருந்தது. ஆனால் அவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு மேலும் ஒன்று கேட்டார். இக்கருவி உன் நாட்டில் எந்தப் பகையைப் புதைத்தது என்றார்.

அரசர் பருத்திக்காட்டைத் திருத்தியது என்றேன். பருத்திக்காட்டைக் கேட்கவில்லை, பகையைக் கேட்டேன் என்றார். ஒன்றையும் புதைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். சமைத்தவர் வாயில் வைக்காத சோற்றைத் தம் குடிகளுக்குப் பரிமாறுவதில்லை என்று சொல்லித் தீர்ப்பும் சொன்னார். தூதன் தன் நாட்டுக்குச் சென்று, தன் பகைவரோடு எதிரெதிர் நின்று, இதே கருவியால் ஒரு கட்டையைப் பறித்து, அக்குழியின் மண்ணில் ஒரு கூடை கொண்டுவந்து தூதன் குழியை மூட வேண்டும். மூடிய அன்று கருவிகள் அனைத்தும் விலைக்குக் கொள்ளப்படும். மூடாவிடில் அவை பண்டசாலையிலேயே துருவாகட்டும் என்பது அத்தீர்ப்பு. பகைவர் யார் என்று நான் பெயரிட வேண்டும் என்றார். எல்லையில் குதிரை கவர்ந்த வேட்டுவர் தலைவனைச் சொன்னேன். அவன் திருடன், பகைவன் அல்லன் என்றார். போரில் நம்மை எதிர்த்த வடகரை மன்னரைச் சொன்னேன். அது அரசர்கள் விளையாட்டு என்றார். எவர் வீட்டில் கை நனைத்திருக்கிறாயோ, எவர் வீட்டு வாசல் இப்போது உனக்கு அடைத்திருக்கிறதோ, அவர் பெயரைச் சொல் என்றார்.

ஓலைக்கட்டின் இந்த ஏடு வரை அவையில் படிப்பிக்கலாம். இனி வருவதைத் தாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், விளக்கடியில், தனியே படிக்க வேண்டுகிறேன். இதுவரை எழுதியது தலைமை அமைச்சருக்கு; இனி எழுதுவது சம்பந்திக்கு. ஆகவே 'தாங்கள்' போய் 'நீர்' வரும். பொறுத்தருளும்.

சம்பந்தியாரே, உம் பெயரைச் சொன்னேன். இவ்வளவு பெரிய நாட்டில், இத்தனை ஆண்டு உத்தியோகத்தில், உருப்படியாய் எனக்குக் கிடைத்த பகைவர் நீர் ஒருவர்தான். மற்றவரெல்லாம் அறிமுகமானவர்கள். உம் வீட்டுப் பந்தியில் நான் உண்டிருக்கிறேன். என் வீட்டுப் பந்தியில் நீர் இரண்டாம் முறை மோர் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறீர். மரம் யாருடையது என்று நான் இன்னும் ஒரு நாள் முழுதும் வாதிடுவேன். நீர் இரண்டு நாள் வாதிடுவீர். அது எனக்குத் தெரியும். உலகம்மை தன் தாய்வீட்டுக்குப் பக்கவாசல் வழியாகத்தான் வர வேண்டும், பல்லக்கேறி வீதி சுற்றி விருந்தாளிபோல் வரலாகாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உம் மருமகள் மதில் பிளவுக்குள் கட்டையைத் தாண்டிக் குதிக்கமாட்டாள் என்று நீர் பிடிவாதம் பிடித்தீர். நடுவில் அந்தப் பெண் திருவிழாவுக்குத் திருவிழா தாயைக் கோயிலில் பார்க்கிறாள்.

சென்ற பருவத்தில் மரக்கலத் தலைவர் எயினன் சேந்தனார் இத்துறைக்கு வந்தார். சுண்ணாம்பு வாங்கிக்கொண்டே, உம் பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாளாமே என்றார். எந்தப் பேத்தி என்று கேட்டேன், சம்பந்தியாரே. என் வாயால் அப்படிக் கேட்டேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று; எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் பேச்சோடு பேச்சாய்ச் சொல்லியிருக்கிறார். குழந்தை பிறந்ததை நீர் எனக்கு எழுதவில்லை. என் மனைவிக்கு எழுதத் தெரியாது. உலகம்மை எழுதிய ஓலை அமைச்சர் மனையின் முத்திரை இல்லாமல் கப்பலேறாது. மதிலுக்கு அப்பால் குழந்தை அழும் ஓசை கேட்டு என் மனைவி இப்பக்கம் நின்று தாலாட்டுவாளாம், அழுகை நின்றுவிடுமாம். சேந்தனார் அதையும் சொன்னார். அன்று நான் பண்டசாலைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உம்மேல் எனக்கிருந்த கோபத்தை எழுத ஓலையெல்லாம் எடுத்து வைத்தேன். எழுதவில்லை. எழுதினால் இன்னும் ஒரு கட்டை முளைக்கும்.

இப்போது கோபமும் களைத்துவிட்டது. தூக்கிச் சுமக்க அதற்கும் தோள் வேண்டுமல்லவா? எனக்கு வீடு போக வேண்டும். அதற்கு மேல் ஓர் ஆசையும் இல்லை. இந்தக் கருவி விற்றாலும் விற்காவிட்டாலும் மன்னர் இன்னொரு கருவி செய்யச் சொல்வார், கொல்லர் செய்வார், கொண்டுபோக வேறொருவர் கிடைப்பார். என் பேத்திக்கு மட்டும் வேறொரு தாய்வழிப் பாட்டன் கிடைக்கமாட்டான். நீரும் பாட்டன் ஆயிற்றே. இதைப் படிக்கையில் அவள் உம் மடியில் இருக்கலாம். இந்த ஓலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே செய்ய வேண்டியதைக் கட்டளையாக எழுதுகிறேன். தூதன் அமைச்சருக்குக் கட்டளையிடுவது முறையன்று. ஆனால் பெண்ணைக் கொடுத்தவனுக்கு ஒரு முறையேனும் கட்டளையிட உரிமை உண்டென்று இத்தீவில் சொல்கிறார்கள். நம் நாட்டிலும் உண்டென்று கொள்க. இப்பருவமும் இங்கே வந்திருக்கும் சேந்தனாரே இவ்வோலையைக் கொண்டுவருகிறார்; அவர் கொடுத்த கையோடு எனக்கான அழைப்பு முத்திரையை அவரிடமே கொடுத்தனுப்புக. இந்தக் காற்று நின்றுவிட்டால் அடுத்த காற்றுவரை என் மீதிப் பற்களும் தங்கா. அரண்மனைக் கருவிச்சாலையில் மீந்திருக்கும் ஒற்றை வேர்வாங்கியை எடுத்து எண்ணெயிட்டு வைக்கச் சொல்லுக. நான் வரும்வரை பக்கவாசல் கட்டையை யானையோ ஆளோ அண்டவிடாதீர். உமக்கு நல்லெண்ணம் வந்து நீரே பறித்துவிட்டால் என் பயணம் முழுதும் வீணாகும். ஆதலால் நல்லெண்ணத்தை அடக்கி வைத்துக்கொள்க.

கைப்பிடி கனமானது. நீர் எழுத்தாணியைத் தவிர எதையும் தூக்கி நெடுங்காலமாயிற்று என்பது எனக்குத் தெரியும். என் நிலையும் அதுவே. இப்போதிருந்தே காலையில் கொஞ்சம் தண்டால் எடும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளும். உமக்குப் பதிலாக உம் மகனையோ மெய்க்காவலரையோ நிறுத்த இடமில்லை. நெய்தலி என்னோடு கப்பலேறி வருகிறாள். அரசியார் அவளைச் சாட்சியாய் அனுப்புகிறார். நாம் இருவரும் கைப்பிடி பிடித்திருக்கிறோமா, யாராவது தளர்த்துகிறோமா என்று அவள் அருகில் நின்று பார்ப்பாள்; அவள் கண்ணுக்குத் தப்ப இயலாது. அவளுக்கு மீனும் உறைப்பும் தடையின்றிக் கிடைக்கும்படி விருந்தினர் மனையில் ஏற்பாடு செய்க. ஒரு நல்ல பனங்கூடையும் வாங்கி வைத்திரும். குழியின் மண் அதில் கடல் கடக்க வேண்டும்.

சுற்றும்போது நீர் என்னைத் திட்டலாம். திட்டாமல் அந்தக் கட்டை வராது என்று கடலன் எனக்குச் சொல்லித்தான் அனுப்புகிறான். நானும் திட்டுவேன், வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டுவேன், பல ஆண்டுகளாய்ச் சேர்த்து வைத்திருக்கிறேன். மரம் யாருடையது என்ற வழக்கையும் அப்போதே முடிந்தவரை பேசிவிடுவோம். கட்டை வெளியே வந்த பிறகு பேசுவதற்கில்லை. மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். மதிலை இருவரும் பாதிப் பாதியாய்க் கட்டுவோம். எந்தப் பாதி யாருடையது என்று மட்டும் மறுபடி தொடங்காதிரும்.

இவ்வோலை நெடுங்கழித் தீவின் துறைமனையிலிருந்து, தென்றல் தொடங்கும் பருவத்தில், என் கையால் எழுதப்பட்டது. மேலே என் மோதிரத்தின் நங்கூர முத்திரையும், அதன் அருகே ஆழிமாதேவியார் தாமே அழுத்திய சங்கு முத்திரையும் இடப்பட்டன. இவ்விரண்டும் உடையாமல் வந்து சேர்ந்தால் இவ்வோலை மெய். குறும்பொறை நாடு வாழ்க, மன்னர் வாழ்க, நம் இருவர் முதுகெலும்பும் வாழ்க.

கடைசியாக ஒன்று. கட்டை பெயரும் நேரத்தில் உலகம்மையைக் குழந்தையோடு பக்கவாசலுக்கு அப்புறம் நிற்கச் சொல்லுக. வேர் வெளியே வந்ததும் படி இறங்கும். படி இறங்கினால் கதவு திறக்கும். கைப்பிடி பிடித்திருக்கும் நேரமெல்லாம் உம் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது கருவியின் அமைப்பு, தப்பிக்க வழியில்லை. அதற்கடுத்து நான் பார்க்கும் முகம் என் பேத்தியுடையதாக இருக்கட்டும். அவளுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று நானே அவளிடம் கேட்டுக்கொள்கிறேன்.